சாகசம் என்று போட்டதில் எனக்கு உடன்பாடில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில், அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை சைக்கிளில் போன ஒரு தம்பதியின் கட்டுரையை வெளியிட்டிருந்தீர்கள். நானும் என் கணவரும் ஆளுக்கொரு முறை படித்தோம், அப்புறம் சத்தமாகச் சேர்ந்து ஒரு முறை படித்தோம். அவர்கள் கடந்த ஊர்களில் பாதிக்கு மேல் நாங்களும் சைக்கிளில் கடந்தவை. கட்டுரை நன்றாக இருந்தது. அதற்கு நீங்கள் வைத்த தலைப்பும், கூடவே போட்ட பெட்டிச் செய்தியும்தான் என்னை எழுத உட்கார வைத்தன. "உயிரைப் பணயம் வைத்த சாகசம்" என்கிறது தலைப்பு. "இளமையும் துணிச்சலும் இருந்தால் மட்டுமே" என்கிறது பெட்டிச் செய்தி. அதே பெட்டியில், "ஐரோப்பாவில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம்" என்றும் ஒரு வரி. மூன்றும் சரியில்லை. மூன்றாவதை நம்பிப் போகிறவர்கள் அபராதம் கட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

எனக்கு வயது 54. என் கணவருக்கு 59, இடது முழங்காலில் தேய்மானம் வேறு. 2025 மே 6-ம் தேதி பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கிளம்பி ஜூலை 5-ம் தேதி புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தோம். 61 நாட்கள், கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். அதில் ஓட்டியது 52 நாள்தான், மீதி ஒன்பது நாள் மழைக்கும் துணி துவைப்பதற்கும் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் போனது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டரும் கொஞ்சமும் வரும். காலை எட்டரைக்குக் கிளம்பினால் நடுவில் நிதானமாகச் சாப்பிட்டு நாலு மணிக்குள் முடிந்துவிடும் தூரம் அது. உயிரை எங்கேயும் பணயம் வைக்கவில்லை. எங்களை அந்தத் தூரம் கொண்டுபோனது பல நாடுகள் பல வருடமாகச் செய்து வைத்திருக்கிற ஏற்பாடு. அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நாங்கள் போனது யூரோவெலோ 6 என்ற பாதை. ஐரோப்பிய சைக்கிளோட்டிகள் கூட்டமைப்பு ஒருங்கிணைக்கும் 17 நெடும்பாதைகளில் இது ஒன்று. பிரான்ஸில் தொடங்கி சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோஷியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா என்று 10 நாடுகளைத் தொடுகிறது. நீலப் பலகை, நடுவில் 6 என்ற எண், சுற்றி மஞ்சள் நட்சத்திரங்கள். அந்தச் சின்னப் பலகையைப் பார்த்துப் பார்த்தே எத்தனையோ நாள் ஓட்டினோம், போனில் வரைபடத்தைத் திறக்கவே தேவைப்படவில்லை.

இந்தப் பாதை ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. லுவார் நதியில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைமேட்டின் மேலேயே பல இடங்களில் பாதை போகிறது. கால்வாய்ப் பக்கம் போனால், அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து கயிறு கட்டிப் படகை இழுத்த தடம்தான் இன்றைக்குச் சைக்கிள் பாதை. டான்யூப் கரையிலும் அதே கதைதான், ஆஸ்திரியாவில் அந்தத் தடத்துக்கு 'ட்ரெப்பல்வெக்' என்ற பழைய பெயர் இன்னும் நிற்கிறது. நீராவிப் படகு வந்ததும் குதிரைக்கு வேலை போனது, தடம் மட்டும் அப்படியே கிடந்தது. பாரத்தோடு குதிரை ஏற முடியாத மேட்டில் அந்தக் காலத்தில் பாதை போடவே இல்லை. 59 வயது முழங்காலுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

பிரியார் என்ற ஊரில் ஒரு பாலம் இருக்கிறது. 662 மீட்டர் நீளம், 1896-ல் திறந்தது. கீழே லுவார் நதி ஓடுகிறது, மேலே பாலத்தின் மேல் ஒரு கால்வாய் ஓடுகிறது, கால்வாயில் படகு போகிறது. கால்வாயை ஒட்டி இரண்டு பக்கமும் நடைபாதை. நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே ஆறு, மறுபக்கம் கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் தண்ணீர். இரும்புக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அரைமணி நேரம் நின்றோம். பாரிஸில் ஒரு பகல், ரோமில் ஒரு பகல் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயரே காதில் விழாது.

சரி, கூடாரத்துக்கு வருகிறேன், முக்கியமான விஷயம் அதுதான். எங்கு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது வடக்கே சில நாடுகளில் ஓரளவு உண்மை. ஸ்வீடனில் இயற்கையில் தங்குவது எல்லோருக்கும் உள்ள உரிமை என்ற மரபு இருக்கிறது. நார்வேயில் 1957-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை அனுமதி கேட்காமல் தங்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-ல் சட்டம் வந்தது. ஆனால் இந்த மூன்றும் உங்கள் கட்டுரைப் பாதையில் இல்லையே! ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது, பொதுவாக நில உரிமையாளரைக் கேட்காமல் காட்டிலோ கரையிலோ கூடாரம் போடக் கூடாது, இயற்கைக் காப்பு நிலங்களில் கேட்டாலும் கிடைக்காது. வியன்னாவைத் தாண்டியதும் பாதை டான்யூப் வெள்ளச்சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் போகிறது, அங்கே பார்ப்பதற்கு இடமெல்லாம் கூடாரம் போடத்தான் இருக்கிறது போலத் தோன்றும், போடக் கூடாது. பிரான்சில் கடற்கரை, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் சுற்றுப்புறம், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 200 மீட்டர் வரை எல்லாம் தடை. தயவுசெய்து இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். யாரோ இரண்டு பேர் அந்தப் பெட்டியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடப் போகிறார்கள்.

அப்படித் திருட்டுத்தனமாகத் தங்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பிரான்சில் சின்னச் சின்ன ஊரிலும் நகராட்சியே நடத்தும் முகாம் மைதானம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் கூடாரத்துக்கும் சேர்த்து 11 யூரோ வாங்கிய இடமும் உண்டு, 18 வாங்கிய இடமும் உண்டு. ஜெர்மனியில் 20-க்கு மேல், சுவிட்சர்லாந்தில் பிராங்கில் இன்னும் கூட. ஜெர்மனியில் சில இடங்களில் படகு வலிக்கும் சங்கங்கள் தங்கள் புல்வெளியில் இடம் கொடுத்தன. மழை விடாமல் கொட்டினால் கூரை தேட வேண்டுமே, அதற்கும் பிரான்சில் 'அக்கோய் வெலோ' என்ற முத்திரை போட்ட விடுதிகள் உண்டு. குறிக்கப்பட்ட சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும் என்று அதற்கு நிபந்தனை.

பிரான்சில் சான்செர் பக்கம் ஒரு முகாமில் தங்கிய மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கூடாரம் எழுப்புவது என் கணவர் வேலை, அடுப்பு என் வேலை. நான் கொண்டுபோன கேஸ் அடுப்பு திருகி மாட்டும் வகை, அந்த ஊர்க் கடையில் இருந்த உருளையெல்லாம் வேறு மூடி, அழுத்தி மாட்டுவது. இரண்டும் சேரவில்லை. பக்கத்துக் கூடாரத்திலிருந்த ஒரு பெரியவர், சைக்கிளில் தனியாக வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தன் எரிசாராய அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். கைக்கு அடக்கமான ஒரு பித்தளைக் கிண்ணம், அவ்வளவுதான். நீல நிறத்தில் வெளிச்சமே இல்லாத தீ, எரிகிறதா இல்லையா என்று உள்ளங்கையை மேலே பிடித்துத்தான் பார்க்க வேண்டும். சோறு வேக 20 நிமிடம். மறுநாளே ஒன்று வாங்கிவிட்டோம். எரிசாராயம் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் சுத்தம் செய்யும் பொருள்கள் இருக்கும் வரிசையில் கிடைக்கிறது. விமானத்தில் கேஸ் உருளை எடுத்துப்போக முடியாது, அதனால் போகிற இடத்தில் எது கிடைக்கிறதோ அந்த அடுப்போடு போவதுதான் புத்தி.

காலையில் கூடாரத் துணியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. எங்கள் மூச்சுக்காற்றுதான். செருப்புக்குள் ஓடில்லாத நத்தை சுருண்டு கிடக்கும், காலை விடுவதற்கு முன் தட்டிப் பார்ப்பது மூன்றாம் நாளிலேயே பழகிவிட்டது. பழக வேண்டிய இன்னொன்று உண்ணி. தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் புல்லில் இருக்கும் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், மூளையழற்சியும் வரலாம். மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். லைமுக்கு வழி, தினமும் குளித்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வதுதான். உங்கள் பெட்டிச் செய்தியில் துணிச்சலுக்குப் பதில் இதைப் போட்டிருக்கலாம்.

தண்ணீர் பற்றிக் கேட்பார்கள். பிரான்சில் கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக. நெடுந்தூரம் ஓட்டுகிற எல்லோரும் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை பெரும்பாலும் திறக்காது. முதல் ஞாயிறு எங்களுக்கு அது உறைக்கவில்லை. இரண்டு ஆப்பிளும் அரைப் பாக்கெட் ஓட்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு 45 கிலோமீட்டர் ஓட்டினோம். அதற்கப்புறம் சனிக்கிழமை மதியமே பை நிறைந்துவிடும்.

வயதுக்கு வருகிறேன். தம்பதியாகப் போவதில் கஷ்டம் உடம்பில் இல்லை, வேக வித்தியாசத்தில்தான். முதல் நான்கு நாள் என் கணவர் முன்னால் போனார். அவருக்கு முழங்கால் வலி, ஆனாலும் முன்னால் இருக்கிறோம் என்பதாலேயே மிதித்துக்கொண்டே போவார், நான் 300 மீட்டர் பின்னால், திட்டிக்கொண்டு. நான் போய்ச் சேரும்போது அவர் ஓய்வெடுத்து முடித்திருப்பார், உடனே கிளம்புவார், எனக்கு ஓய்வே கிடையாது. ஐந்தாம் நாள், "என்னங்க, இன்றைக்கு நான் முன்னால் போகிறேன்" என்றேன். அன்றிலிருந்து கடைசி வரை மெதுவாகப் போகிறவர்தான் முன்னால். சண்டை நின்றது, அவர் முழங்கால் வலியும் குறைந்தது. எங்களைத் தாண்டிப் போனவர்களில் எழுபது வயதுக்காரர்களைத் தினமும் பார்த்தோம். இது புதிதும் இல்லை. 1884-ல் எலிசபெத் ராபின்ஸ் பென்னல், ஜோசப் பென்னல் என்ற அமெரிக்கத் தம்பதி, கல்யாணமான அதே வருடம் புளோரன்சிலிருந்து ரோம் வரை இருவர் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பலகையும் இல்லை, பாதையும் இல்லை, அதை வேண்டுமானால் சாகசம் என்று எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு வந்த பெரிய சோதனை, பிரான்சில் தூப் நதிக் கரையில் என் கணவரின் பின்சக்கரத்தில் கம்பி அறுந்தது. கியர் பல்சக்கரம் இருக்கும் பக்கம், அதைக் கழற்றாமல் புதுக் கம்பி போட முடியாது. சக்கரம் ஆட்டம் போட, பிரேக்கைத் தளர்த்திவிட்டு 12 கிலோமீட்டர் மெல்ல ஓட்டி பெசான்சோன் போய்ச் சேர்ந்தோம். பழுது பார்த்த பெண் சைக்கிளைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் பைகளைக் காட்டித் தலையை ஆட்டினார். பாரம் முழுவதையும் பின்னாலேயே மாட்டியிருந்தோம். கூடாரத்தையும் தண்ணீரையும் முன்பக்கம் மாற்றச் சொன்னார், இரண்டு கம்பிகளை அதிகமாகக் கொடுத்து சைக்கிள் சட்டகத்தோடு டேப் போட்டு ஒட்டிவிட்டார். அவை புடாபெஸ்ட் வரை அப்படியே இருந்தன, தேவைப்படவே இல்லை.

ஒரே உருப்படியான ஏற்றம், ரைன் பள்ளத்தாக்கிலிருந்து டான்யூப் பக்கம் ஏறுவது. அங்கே இறங்கித் தள்ளினோம். அந்த ஏற்றத்துக்கு முன்னால் ஆக் என்ற சின்ன ஊரில் பச்சை நிறமாக ஒரு பெரிய ஊற்று, அடியிலிருந்து தண்ணீர் பொங்கி ஆறாகவே கிளம்புகிறது. மறுநாள் மேட்டைத் தாண்டி இம்மென்டிங்கன் பக்கம் டான்யூபைப் பார்த்தோம். கரையோரம் தண்ணீர் சின்னச் சின்னச் சுழியாகச் சுற்றிக் கல்லிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புப் பாறை, அடியில் துளை துளையாக இருக்குமாம். வறண்ட காலத்தில் அந்த இடத்தில் ஆறு மொத்தமும் மண்ணுக்குள் போய் வெறும் கல் படுகை மட்டும் கிடக்கும். அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் பூமிக்கடியில் போய், நாங்கள் முந்தின நாள் உட்கார்ந்து ரொட்டி தின்ற அதே ஊற்றில் வெளிவந்து, ரைனில் சேர்ந்து வட கடலுக்குப் போகிறது. மேலே மிஞ்சுகிற தண்ணீர் கருங்கடலுக்கு. ஒரே ஆறு, இரண்டு கடல். என் கணவர் கீழே குனிந்து ஒரு சுழியில் புல் துண்டைப் போட்டார், ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. அன்றைக்கு 31 கிலோமீட்டர்தான் ஓட்டினோம், அதற்கு மேல் போக இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

எல்லாம் பூப்பாதை என்று சொல்ல மாட்டேன். பாஸௌ முதல் வியன்னா வரை சொர்க்கம், ஆற்றின் இரண்டு கரையிலும் பாதை, நடுவில் மின்நிலைய அணைகள் மேலேயே சைக்கிளோடு அக்கரைக்குப் போகலாம். பிராட்டிஸ்லாவா தாண்டி அணைக்கரையில் தார்ப்பாதை வழவழவென்று இருக்கும், ஒரு மர நிழல் இருக்காது. ஹங்கேரிக்குள் சில இடங்களில் பாதை திடீரென்று முடிந்து லாரி ஓடும் சாலையில் விடுகிறது, அங்கே எனக்குப் பயமாகவே இருந்தது. ஜெர்மனியில் சைக்கிளைத் தாண்டும் கார் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பிரான்சில் ஊருக்குள் 1, வெளியே 1.5. சட்டம் இருப்பது சாலையில் தெரிகிறது, பின்னால் வரும் கார் பொறுமையாக வருவது காதிலேயே தெரியும்.

இன்னொன்று, விசா. இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். நாங்கள் கடந்த ஆறு நாடுகளுக்கும் ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கான ஒரே விசா போதும். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு அது பிரான்ஸ். தங்குமிடச் சான்று கேட்கும்போதுதான் கூடாரக்காரர்களுக்குத் திண்டாட்டம். நாங்கள் 61 இரவுக்கும் தேதி, ஊர், முகாம் பெயர், கிலோமீட்டர் போட்டு ஒரு அட்டவணை செய்தோம், பல முகாம்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி பதிவு உறுதி வாங்கி இணைத்தோம். சில முகாம்கள் பதில் போட மூன்று வாரம் ஆனது. ஆகவே சீக்கிரம் தொடங்க வேண்டும். செலவைச் சொல்வதானால், விமானமும் விசாவும் தவிர இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 55 யூரோவுக்குள் முடிந்தது, பாதிக்கு மேல் நாங்களே சமைத்ததால்.

அந்தத் தம்பதியின் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். விட்ட இடத்திலிருந்து, புடாபெஸ்டிலிருந்து பெல்கிரேடு தாண்டி டான்யூபின் இரும்பு வாயில் பள்ளத்தாக்கு வரை அடுத்த மே மாதம் போகலாம் என்று நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். செர்பியா ஷெங்கனுக்குள் இல்லை, வெளியே போய்த் திரும்பி வர பலமுறை நுழையும் விசா வேண்டும், அதை எப்படி வாங்கினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் செர்பியக் கரையில் சாலை பல சுரங்கங்களுக்குள் போகிறது. அதில் அவர்கள் எந்த நேரத்தில் போனார்கள், லாரி எப்படி இருந்தது, எந்த விளக்கு மாட்டியிருந்தார்கள், இல்லை ருமேனியக் கரைதான் நல்லதா என்பதையும் கேட்டுப் போடுங்கள். என் கணவர் ருமேனியக் கரை என்கிறார், நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி